பிரஸ்டன்: பணம் எங்கே போகிறது என்று கேட்ட கவுன்சிலர்

2011 நவம்பரில் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பிரஸ்டன் நகரத்துக்கு ஒரு கெட்ட செய்தி வந்தது. ஜான் லூயிஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி வரப்போவதில்லை. வெளியூர்க்காரருக்கு இது ஒரு கடை சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒரு கடையை நம்பித்தான் 70 கோடி பவுண்டு மதிப்பிலான டைத்பார்ன் திட்டமே நின்றது. நகர மையத்தை இடித்துவிட்டு வணிக வளாகம், திரையரங்கு, குடியிருப்பு என்று புதிதாகக் கட்டும் திட்டம் அது. பத்து வருடங்களுக்கும் மேலாகப் பேசிப் பேசி, வரைபடம் போட்டு, பக்கத்து ஊர்களின் எதிர்ப்பையும் தாண்டி வந்தது. பெரிய கடை பின்வாங்கிய அன்றே எல்லாம் முடிந்துபோனது.

அதே சமயத்தில் மத்திய அரசின் மானியமும் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் 2010இல் வந்த அரசு, சிக்கனம் என்ற பெயரில் செய்த வெட்டுகளில், உள்ளாட்சிகள் வாங்கிய அடிதான் பெரியது. 2010–11க்கும் 2017–18க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தந்த நிதி 49.1 சதவீதம் குறைந்தது. இது நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்ன கணக்கு.

வெளியிலிருந்து முதலாளி வரவில்லை, தலைநகரிலிருந்து பணமும் வரவில்லை. அந்த நிலையில் ஒரு கவுன்சிலர் என்ன செய்ய முடியும்? மாத்யூ பிரவுன் என்ற தொழிற்கட்சிக் கவுன்சிலரும் அவரோடு இருந்தவர்களும் அதற்குத் தேடிய விடையைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் பிரஸ்டனில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 1,48,000 பேர் வாழ்கிறார்கள். நகரம் என்ற அந்தஸ்து 2002இல்தான் கிடைத்தது. நூற்பு இயந்திரத்தால் பெயர் பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் பிறந்தது இங்கேதான். பஞ்சாலைகள் ஊரை வளர்த்தன, பஞ்சாலைகளோடேயே ஊர் தேய்ந்தது. 1980இல் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனத்தின் பெரிய செயற்கை இழை ஆலை மூடியது. அடுத்த வருடமே துறைமுகமும் மூடியது. ஒருவர் வேலை செய்த ஆலை மூடினால் அவர் இன்னொரு ஆலைக்குப் போகலாம். ஆலைகளே இல்லாமல் போனால் எங்கே போவார்?

நமக்கும் இந்த மாவட்டத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிரஸ்டன் இருக்கும் லங்காஷயரின் மில் துணிதான் நம் நெசவாளர்களின் தறியை நிறுத்தியது. பிறகு நம் சுதேசி இயக்கத்தின் அந்நியத் துணிப் புறக்கணிப்பு அந்த மில்களின் நெருக்கடிக்கு ஒரு காரணமானது. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் வந்திருந்த காந்தி, அதே லங்காஷயரின் டார்வன் ஊருக்கு வந்து மில் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். தங்கள் வேலை போனதற்கு இவரும் ஒரு காரணம் என்று தெரிந்தும் அவர்கள் அவரை ஆரவாரமாக வரவேற்றார்கள். ‘உன் காசை உன் ஊரில் செலவழி’ என்ற யோசனை எண்பது வருடம் கழித்து அந்த மாவட்டத்திலேயே வேறு வடிவத்தில் முளைத்ததைப் பார்க்கும்போது எனக்குக் காந்தியின் டார்வன் பயணம்தான் நினைவுக்கு வருகிறது.

கையில் இருந்த பணம்

பிரவுனின் யோசனைக்கு முன்மாதிரி அமெரிக்காவில் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தும் ஆலைகள் மூடி நொடித்த ஊர். அங்கே பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் இருந்தன. அவை வருடந்தோறும் கோடிக்கணக்கில் பொருள் வாங்கின, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழைத் தெருக்களுக்கு அதில் ஒரு பைசாவும் வரவில்லை. அதை மாற்றத்தான் எவர்கிரீன் கூட்டுறவுகள் வந்தன. முதலில் தொடங்கியது ஒரு சலவையகம். மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் அந்தத் தொழிலாளர்களே அதன் உரிமையாளர்கள்.

பிரஸ்டனிலும் இப்படி ஊரை விட்டுப் போகாத நிறுவனங்கள் உண்டு. நகர மன்றம், லங்காஷயர் மாவட்ட மன்றம், மாவட்டக் காவல்துறை, இரண்டு கல்லூரிகள், ஒரு சமூக வீட்டுவசதி அமைப்பு என்று ஆறு முதலில் சேர்ந்தன. ஆங்கிலத்தில் இவற்றை நங்கூர நிறுவனங்கள் என்கிறார்கள். நல்ல பெயர்தான். ஜான் லூயிஸ் வராமல் போகலாம், காவல்துறை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது.

மான்செஸ்டரில் இருக்கும் உள்ளூர்ப் பொருளாதார உத்திகளுக்கான மையம் என்ற ஆய்வு அமைப்பின் துணையோடு வேலை தொடங்கியது. முதல் வேலை பில் பார்ப்பது. ஒவ்வொரு நிறுவனமும் அதிகமாகப் பணம் கொடுக்கும் 300 சப்ளையர்களின் பட்டியலை எடுத்தார்கள். அந்த சப்ளையர் எந்த ஊர்க்காரர், எவ்வளவு போகிறது என்று குறித்தார்கள். இதில் மேடைப்பேச்சுக்கு இடமே இல்லை. எந்தக் கவுன்சிலரும் புகைப்படம் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய வேலையும் இல்லை. என் பார்வையில் பிரஸ்டன் கதையின் உயிர்நாடியே இந்த இடம்தான்.

கணக்கு என்ன சொன்னது? 2012–13இல் ஆறு நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 75 கோடி பவுண்டு செலவழித்திருந்தன. அதில் பிரஸ்டன் நகருக்குள் தங்கியது 3.8 கோடி, அதாவது 5 சதவீதம். லங்காஷயர் முழுவதையும் சேர்த்தால் 29.2 கோடி, 39 சதவீதம். மீதி 45 கோடிக்கு மேல் மாவட்டத்தை விட்டே வெளியே ஓடியது. ஓட்டைப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு, மழை வரவில்லையே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான். டைத்பார்ன் திட்டத்தின் 70 கோடி ஒரே ஒரு தடவை வந்திருக்கும். இந்த 75 கோடி ஒவ்வொரு வருடமும் செலவாகிறது.

டெண்டரை உடைத்த கதை

சரி, உள்ளூர்க்காரருக்கே கொடு என்று உத்தரவு போட்டுவிடலாமே? முடியாது. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. அரசுக் கொள்முதலில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஒருவருக்குச் சலுகை காட்டுவதைச் சட்டம் தடுத்தது. அது நல்ல காரணத்துக்காகவே இருக்கும் தடை. இல்லையென்றால் கவுன்சிலரின் மைத்துனருக்குத்தான் எல்லா கான்டிராக்டும் போகும்.

ஆகவே அவர்கள் டெண்டர் எப்படி எழுதப்படுகிறது என்பதில் கை வைத்தார்கள். மாவட்ட மன்றத்தின் பள்ளி உணவுக்கான ஒப்பந்தம் நல்ல உதாரணம். முழு மாவட்டத்துக்குமான உணவுப் பொருள் எல்லாவற்றையும் ஒரே ஆள் தர வேண்டும் என்று கேட்டால் ராட்சத நிறுவனம் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். நான்கு பண்ணைகளிடம் பால் வாங்கித் தயிர் செய்யும் ஆளுக்கு அந்தப் படிவத்தை நிரப்பவே தெம்பு இருக்காது. அதனால் தயிர் தனி, முட்டை தனி, பால் தனி என்று ஒப்பந்தத்தைச் சிறு சிறு கூறுகளாக உடைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம், விதி ஒன்றுதான். லங்காஷயர் விவசாயிகளிடம் வாங்கும் உள்ளூர் சப்ளையர்களே அந்தக் கூறுகளை வென்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சாப்பிட்ட தயிரின் காசு பக்கத்து மாட்டுத்தொழுவத்துக்குப் போனது.

2012ஆம் ஆண்டின் சமூகப் பயன் சட்டம் இன்னொரு பிடிமானம் கொடுத்தது. ஒரு சேவையை வாங்கும்போது விலையோடு, அதனால் அந்தப் பகுதிக்குக் கிடைக்கும் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் நன்மையையும் பொது நிறுவனங்கள் கருத்தில் எடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எத்தனை உள்ளூர் இளைஞர்களுக்குத் தொழில் பழக்குவீர்கள், என்ன சம்பளம் கொடுப்பீர்கள் என்று ஒப்பந்ததாரரிடம் கேட்பதற்கு அது வழி விட்டது. நகர மன்றம் 2012இலேயே, சட்டக் கட்டாயத்துக்கு மேலான வாழ்வாதாரக் கூலியைத் தன் ஊழியர்களுக்குத் தரும் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றிருந்தது. தான் செய்துவிட்டுத்தான் பிறரிடம் கேட்டது.

2016–17இல் மறுபடியும் பில்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். பிரஸ்டனுக்குள் தங்கியது 11.23 கோடி பவுண்டு, 18.2 சதவீதம். லங்காஷயர் மொத்தத்தில் 48.87 கோடி, 79.2 சதவீதம். இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறு நிறுவனங்களின் மொத்தச் செலவு 75 கோடியிலிருந்து 62 கோடிக்குக் கீழே குறைந்துவிட்டது. குறைந்த பணத்தில் ஊருக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

சந்தையும் பேருந்து நிலையமும்

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் மறுசீரமைப்பைக் கண்ணால் பார்ப்பது அங்கேதான். டைத்பார்ன் போன பிறகு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இடித்துக் கட்டுவதற்குப் பதிலாகத் துண்டு துண்டாக வேலை நடந்தது. 1875இல் எழுப்பப்பட்ட, இரும்புத் தூண்கள் தாங்கும் சந்தைக் கூரையைப் பழுதுபார்த்து, அதன் கீழேயே கண்ணாடிச் சுவர்களோடு புதிய சந்தையை 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். காய்கறிக்காரரும் இறைச்சிக்காரரும் பழைய கூரையின் கீழ் புதுக் கடை போட்டார்கள்.

பேருந்து நிலையத்தின் கதை வேறு மாதிரி. 1969இல் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம் அது. எண்பது பேருந்துகள் நிற்கும் இடம், மேலே அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் தளங்கள், அவற்றின் விளிம்புகள் அலைபோல் வளைந்திருக்கும். டைத்பார்ன் திட்டத்தில் இதற்கு இடமில்லை. திட்டம் போன பிறகும், பராமரிக்கப் பணமில்லை என்று 2012 டிசம்பரில் நகர மன்றமே இதை இடிக்கத் தீர்மானித்தது. ஊர் மக்களும் கட்டடக்கலை ஆர்வலர்களும் போராடினார்கள். 2013 செப்டம்பரில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அரசு அறிவித்தது. பிறகு மாவட்ட மன்றம் பொறுப்பேற்றுப் புதுப்பித்தது. இன்று கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பார்க்கவே பிரஸ்டனுக்கு வருகிறார்கள். உள்ளூர்ச் செல்வத்தைக் காப்பது பற்றிப் பேசிய மன்றம், ஊரின் மிகப் பெரிய சொத்துகளில் ஒன்றை இடிக்கப் பார்த்தது. பிரஸ்டனைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. நல்ல நோக்கமுள்ள மன்றத்தையும் ஊர் தடுத்து நிறுத்த வேண்டிய தருணங்கள் உண்டு.

மானியம் என்ற நியாயம்

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். பிரஸ்டன் கதையைச் சொல்லிவிட்டு, ‘பார்த்தீர்களா, மானியம் இல்லாமலே ஒரு ஊர் பிழைத்துக்கொள்ள முடிகிறது’ என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, ஏழை ஊர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

காரணம் எளிது. இங்கிலாந்தில் உள்ளாட்சிகளுக்கு மூன்று முக்கிய வருமானங்கள்: வீட்டுக்கான மன்ற வரி, வணிக வரியில் ஒரு பங்கு, மத்திய அரசின் மானியம். மன்ற வரி வீட்டின் மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்பு 1991இல் போட்டது, இன்றுவரை இங்கிலாந்தில் திருத்தவில்லை. சிறிய வீடுகள் நிறைந்த ஆலை ஊரில் வரியை ஒரு சதவீதம் ஏற்றினால் கிடைப்பது கொஞ்சம். பங்களாக்கள் நிறைந்த தென்கிழக்கு ஊரில் அதே ஒரு சதவீதம் பெரிய தொகை. இந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்டத்தான் மானியமே இருந்தது. மானியத்தை எல்லாருக்கும் வெட்டும்போது, அதையே நம்பியிருந்த ஏழை ஊருக்குத்தான் அடி பலமாக விழும். அதிகத் தேவை உள்ள ஊரும் அதுதான். அதற்கு மேல், ஒரு வரம்பைத் தாண்டி வரியை ஏற்ற வேண்டுமென்றால் உள்ளூரில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற விதியும் வந்தது.

பங்கீட்டுச் சூத்திரத்தைச் சீர்திருத்துவோம் என்று 2016இல் வாக்குறுதி கொடுத்தார்கள். அது வருடா வருடம் தள்ளிப்போனது. 2022 கோடையில், பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட ரிஷி சுனக், செல்வச் செழிப்புள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் கட்சிக்காரர்களிடம் பேசும்போது, நலிந்த நகர்ப்புறங்களுக்குப் பணத்தைக் கொண்டுபோன சூத்திரங்களைத் தான் மாற்றத் தொடங்கியதாகச் சொன்னார். காணொளி வெளியானதும் வடக்கு ஊர்களில் எழுந்த கோபத்தை எளிதாகப் புரிந்துகொள்ள முடியும்.

சூத்திரப்படி உரிமையாக வர வேண்டிய பணத்தின் இடத்தில் போட்டி வந்தது. 2020இல் அறிவிக்கப்பட்ட ‘சமநிலைப்படுத்தும் நிதி’க்கு ஒவ்வொரு ஊரும் விண்ணப்பம் எழுதி, பக்கத்து ஊரோடு மோதி ஜெயிக்க வேண்டும். பிரஸ்டனில் அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு நடைபாலம் போதும். ரிபிள் ஆற்றின் குறுக்கே பழைய டிராம் பாலம் என்று ஒன்று இருந்தது. 1800களின் தொடக்கத்தில் குதிரைகள் இழுத்த சரக்கு வண்டிகளுக்காகக் கட்டிய தடத்தில், பின்னாளில் கான்கிரீட்டில் மறுபடி எழுப்பிய பாலம். எவனம் பூங்காவிலிருந்து அக்கரைக்கு ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்வந்தார்கள். 2019இல் பலவீனமாகிவிட்டது என்று மூடினார்கள். திறக்கப் பணமில்லை. 2023 ஜனவரியில் பூங்காக்களுக்கும் பாலத்துக்குமாகச் சேர்த்துச் சுமார் 2 கோடி பவுண்டை அந்தப் போட்டியில் பிரஸ்டன் வென்ற பிறகுதான் புதுப் பாலத்துக்கு வழி பிறந்தது. ஒரு ஊர் ஜனங்கள் ஆற்றைக் கடக்க, அந்த ஊர் அதிகாரிகள் கட்டுரைப் போட்டியில் ஜெயிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுத ஆள் இல்லாத ஊரின் பாலம் என்ன ஆகும்?

2024இல் வந்த தொழிற்கட்சி அரசு, பங்கீட்டை மாற்றுவதற்கான கருத்துக் கேட்பை 2025இல் நடத்தியது. தேவையையும் வரி திரட்டும் சக்தியையும் மறுபடி கணக்கில் எடுத்து 2026–27 நிதியாண்டிலிருந்து பணம் பிரிப்பது அதன் நோக்கம். ஒன்பது, பத்து வருடத் தாமதம். அதற்குள் எத்தனை நூலகங்கள், எத்தனை இளைஞர் மையங்கள் போயின!

பலித்ததா?

எதிர்க்கேள்விகளும் உண்டு, அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு ஊரும் தன் ஊரிலேயே வாங்கினால் ஒட்டுமொத்தத்தில் யாருக்கு லாபம், பிரஸ்டனுக்கு வந்தது வேறு ஊர் இழந்ததுதானே என்று பொருளாதார அறிஞர்கள் கேட்கிறார்கள். முழு நாட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியே போன பணம் இன்னொரு ஏழை ஊருக்குத்தான் போனது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் தலைமையகத்துக்கும் பங்குதாரருக்கும் போய்ச் சேர்ந்தது. உள்ளூர்ப் பேக்கரிக்காரர் வாங்கும் காசு அடுத்த வாரமே பக்கத்துக் கடையில் கை மாறும்.

இன்னொரு கேள்வி: நகரம் முன்னேறியது இதனால்தானா? 2014இல் 6.5 சதவீதமாக இருந்த வேலையின்மை 2017இல் 3.1 ஆனது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதே வருடங்களில் நாடு முழுவதும் வேலையின்மை குறைந்தது. ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். 2018இல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற தணிக்கை நிறுவனமும் டெமோஸ் என்ற ஆய்வு அமைப்பும் வெளியிட்ட நகரங்களின் பட்டியலில், பிரிட்டனிலேயே அதிகம் முன்னேறிய நகரம் என்று பிரஸ்டன் வந்தது. அதுவும் ஒரு பட்டியல்தான்.

எனக்கு அதைவிட அழுத்தமாகப் படுவது 2023இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு. பிரஸ்டனை, அதைப் போன்ற மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டு, இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட மனச்சோர்வு மருந்துச் சீட்டுகள் குறைந்திருந்தன. வாழ்க்கை நிறைவு 9 சதவீதம் கூடியிருந்தது. நடுநிலைச் சம்பளம் 11 சதவீதம் கூடியிருந்தது. கொள்முதல் அதிகாரியின் மேசையில் டெண்டர் எழுதும் விதம் மாறினால் மருந்துக்கடைச் சீட்டில் அது தெரியும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஆய்வாளர்களும் எல்லாப் பெருமையையும் இந்த ஒரு திட்டத்துக்கே கொடுத்துவிடவில்லை. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

நடக்காதவையும் இருக்கின்றன. வட்டாரத்துக்கென ஒரு கூட்டுறவு வங்கி அமைக்க லிவர்பூல் பக்கத்து மன்றங்களோடு சேர்ந்து முயன்றார்கள், வாடிக்கையாளருக்குக் கதவு திறக்கும் அளவுக்கு அது வரவில்லை. தொழிலாளர் கூட்டுறவுகள் சில உருவாயின, பல்கலைக்கழகமும் உதவியது, ஆனால் ஊர்ப் பொருளாதாரத்தைத் திருப்பும் எண்ணிக்கைக்கு அவை வளரவில்லை. கிளீவ்லாந்தின் சலவையகம் போலப் பெயர் சொல்ல ஒன்று பிரஸ்டனில் அமையவில்லை. கொள்முதலை மாற்றுவதைவிடப் புதிய உரிமையாளர்களை உருவாக்குவது பல மடங்கு கடினம் என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

மாத்யூ பிரவுன் 2018இல் நகர மன்றத் தலைவரானார். அதற்கு முன் கூட்டம் கூட்டமாகப் போய், கல்லூரி முதல்வரையும் காவல்துறை அதிகாரியையும் கணக்குத் துறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதிலேயே பல வருடங்கள் போயிருந்தன. இந்த ஆறு நிறுவனங்களில் நகர மன்றத்தின் சொந்தச் செலவு சிறியது. மாவட்ட மன்றம் நகர மன்றத்தின் கீழ் இல்லை. காவல்துறைக்கு உத்தரவு போட ஒரு கவுன்சிலரால் முடியாது. பேசிச் சம்மதிக்க வைக்க மட்டுமே முடியும். அதை அவர் செய்தார், அவருக்கு முந்தைய தலைவர் பீட்டர் ரேங்கின் இடம் கொடுத்தார், அதிகாரிகள் ஒத்துழைத்தார்கள்.

யோசனை பரவியும் விட்டது. ஸ்காட்லாந்தில் வடக்கு ஏர்ஷயர் மன்றம் 2020இல் இதைத் தன் பகுதிக்கு எடுத்துக்கொண்டது. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் இதற்கென்றே ஒரு மசோதா வந்தது. பிரஸ்டனிலோ நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. நகர மன்றம், மாவட்ட மன்றம் என்ற இரண்டு அடுக்குகளை ஒழித்து ஒரே அடுக்காக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2025 மே மாதத் தேர்தலில் மாவட்ட மன்றம் ரிஃபார்ம் யு.கே. என்ற வலதுசாரிக் கட்சியின் கைக்குப் போனது. பிரஸ்டன் நகர மன்றம் இனிப் பெரிய மன்றம் ஒன்றில் கரைந்துபோகும். தயிருக்குத் தனி டெண்டர், முட்டைக்குத் தனி டெண்டர் போட்ட கொள்முதல் அதிகாரிகளும் அந்தப் பெரிய மன்றத்துக்குப் போவார்கள். புதிய மன்றத்தின் முதல் வருடச் சப்ளையர் பட்டியல் வெளியாகும்போது, அதில் எத்தனை பேர் லங்காஷயர்க்காரர்கள் என்று யாராவது மறுபடி உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கும்.